கற்பனை நாட்டுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை

தெஹிவளைக் கால்வாய்ப் பாலத்தைக் கடந்து வடக்கே வெள்ளவத்தையை நோக்கிக் காலி வீதியில் நடப்பவர், நகைக்கடைகளும் புடைவைக் கடைகளும் சைவ உணவகங்களும் நெருக்கியடித்து நிற்கும் அந்தச் சிறிய தூரத்துக்குள்ளேயே தமிழ் நூல்கள் விற்கும் கடைகள் சிலவற்றையும் காண்பார். அவற்றுள் ஒன்றில் நுழைந்து, வாயிலருகே அடுக்கப்பட்டிருக்கும் பரீட்சை வழிகாட்டிகளையும் பஞ்சாங்கங்களையும் தேவாரத் திரட்டுகளையும் கடந்து உட்புறத் தட்டுகளை அடைந்தால், ரமணிசந்திரனின் காதல் நாவல்களும், சாண்டில்யனின் தடித்த சரித்திரக் கதைகளும், கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும், சுஜாதாவின் விஞ்ஞானப் புனைகதைகளும் அவருடைய கண்ணில் படும். முன்னே இருப்பவற்றைத் தேவையின் பொருட்டும் பக்தியின் பொருட்டும் வாங்குகிறோம். உள்ளே இருப்பவற்றை எவருடைய கட்டளையுமின்றி, எந்தப் பரீட்சையையும் முன்னிட்டன்றி, ஆசையின் பொருட்டு மட்டுமே வாங்குகிறோம்.

இத்தகைய நூல்களைப் பற்றி நமது இலக்கிய உலகில் நெடுங்காலமாக நிலவிவரும் அபிப்பிராயம் யாவரும் அறிந்ததே. வாழ்வின் பிரச்சினைகளை நேர்நின்று பாராமல் புறமுதுகிட்டோடுவதற்கு இவை துணைபோகின்றன என்றும், வாசகரின் சிந்தனையை மயக்கி உறங்கவைக்கின்றன என்றும், சமுதாயத்தைப் பற்றிய பொறுப்புணர்ச்சியை அரித்துவிடுகின்றன என்றும் கற்றறிந்தோர் பலர் எழுதியிருக்கிறார்கள். வீடுகளில் இதே அபிப்பிராயம் எளிய வார்த்தைகளில் வெளிப்பட்டது. “கதைப்புத்தகத்தை வைச்சிட்டுப் படிக்கிற வேலையைப் பார் பிள்ளை” என்று அதட்டாத தாய் யாழ்ப்பாணத்திலும் அரிது, வெள்ளவத்தையிலும் அரிது.

நான் கூற விரும்புவது இதற்கு மாறானது. கொழும்பின் இந்தக் கடற்கரையோரத்திலும், நகரின் மறுகோடியிலுள்ள கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழர், கடந்த சில தசாப்தங்களில் காதற்கதைகளுக்குள்ளும் அரசகுமாரர் கதைகளுக்குள்ளும் விண்வெளிக் கதைகளுக்குள்ளும் புகுந்துகொண்டது மனத்தளர்ச்சியால் அன்று. வெளியே செல்ல வழியற்றிருந்த காலத்தில் மனத்தைச் சிறைப்படாமல் காத்துக்கொள்வதற்கு அவர்கள் கைக்கொண்ட சாதனம் அது என்பது என் துணிபு. அந்த வாசிப்புக்கு ஈழத்து எழுத்தாளர் போதிய உணவளிக்கவில்லை என்பதும், அதனால் நாம் இழந்தது சிறிதன்று என்பதும் அதனோடு சேர்ந்த என் கருத்து.

லொட்ஜ் அறைகளில்

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் ஓரிரவில் காலியான பின்னர், வன்னி வழியாகவும் கடல் வழியாகவும் தெற்கே வந்து சேர்ந்தவர்களுள் பெருந்தொகையினர் கொழும்பில் தங்கியது உறவினர் வீடுகளில் மட்டுமன்று. செட்டியார் தெருவிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்த லொட்ஜுகளில். அதற்கு முன்னரும் பின்னரும் அந்த லொட்ஜுகள் காத்திருப்போரின் இல்லங்களாகவே இருந்தன. கனடாவிலிருந்து தமையன் அனுப்பும் பத்திரங்களுக்காகக் காத்திருந்த இளைஞர். மாப்பிள்ளை இலண்டனில் இருக்க, விசா வரும் நாளை எண்ணியிருந்த மணப்பெண். ஏஜென்சிக்காரரின் தொலைபேசி அழைப்பை எதிர்பார்த்துப் படிக்கட்டில் அமர்ந்திருந்த தகப்பன். கண் சத்திரசிகிச்சைக்காக வந்து திரும்பிப் போகப் பாதை திறவாமல் தங்கிவிட்ட முதியவர். பொலிஸ் நிலையத்தில் பதிவு, பதிவுத்துண்டு கையில் இல்லாவிட்டால் வீதியில் கைது, குண்டு வெடித்த மறுநாள் வீடுவீடாகத் தேடுதல் என்ற ஒழுங்கில் அவர்களுடைய நாட்கள் கழிந்தன. 1996 ஜூலை 24இல் தெஹிவளைப் புகையிரத நிலையத்தில் ரயில் பெட்டிகளில் வைக்கப்பட்ட குண்டுகள் வெடித்து அறுபதுக்கும் மேற்பட்ட பிரயாணிகள் மாண்டபோது, அந்தத் துயரம் இந்த ஊரின் எல்லா இனத்தாரையும் தாக்கியது. அதற்கு மேலாக, தமிழ்ப் பெயர் தாங்கியவருக்கு வாசற்படியைத் தாண்டுவதே பயமாகிப்போன வாரங்களையும் அது கொண்டுவந்தது.

அந்த அறைகளுள் சிலவற்றை நான் நேரில் அறிவேன். ஒற்றை மின்விசிறி, இரண்டு கட்டில், பயணப்பை, சுவரில் ஒரு பிள்ளையார் படம். தலையணைக்கருகே, அட்டை கிழிந்து பலர் கைபட்டு மெலிந்துபோன நாவல்கள். ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் எழுதிய பொக்கெற் நாவல்கள் ஆடவர் அறைகளில் கைமாறின. ரமணிசந்திரனும் லக்ஷ்மியும் பெண்கள் அறைகளில் கைமாறினர். ஒருவர் விமானமேறிச் செல்லும்போது எடுத்துச் செல்லாமல் விட்டுப்போன நூல், அடுத்து வந்தவருக்கு அந்த அறை அளித்த முதல் உபசாரமாயிற்று. அவர்கள் வாசித்தது உலகத்தை மறப்பதற்காக என்று எளிதிற் சொல்லிவிடலாம். ஆனால் மறக்கக்கூடிய உலகமா அது? காலையில் பதிவு, மாலையில் சோதனை, இரவில் கதவு தட்டப்படும் ஓசை. நாவலின் நூற்றைம்பது பக்கங்கள் அவர்களுக்கு அளித்தது மறதியன்று; ஆரம்பமும் நடுவும் முடிவும் உள்ள ஒரு காலத்தை, காரணமும் காரியமும் பொருந்திவரும் ஓர் உலகத்தை, காத்திருப்பு என்றாவது பலனளிக்கும் என்ற ஓர் ஒழுங்கை.

2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்த லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர் பொலிஸாரால் எழுப்பப்பட்டு பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவை நோக்கி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அரைமணி நேர அவகாசத்தில் பொருள்களைக் கட்டிக்கொண்டு இறங்கும்படி பணிக்கப்பட்ட மனிதரைப் பார்த்து, நீங்கள் ஏன் யதார்த்த இலக்கியம் வாசிக்கவில்லை என்று வினவும் துணிவு எனக்கு இல்லை.

ஆங்கிலப் பேராசிரியரும் மாயாஜாலக் கதைகளின் பேராசானுமாகிய ஜே. ஆர். ஆர். டோல்கீன், 1939இல் ஸ்கொத்லாந்தில் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில் இவ்விஷயத்தைத் தெளிவாக எடுத்துரைத்தார். சிறைப்பட்டவன் வெளியேற விரும்புவதும் போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதும் ஒன்றல்ல. கற்பனையைப் பழிப்போர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர் என்பது அவருடைய வாதம். இதைச் சொன்னவர் 1916இல் சோம் நதிக்கரைப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்தவர். அங்கே பற்றிய காய்ச்சலோடு வைத்தியசாலையில் படுத்திருந்த காலத்திலேயே தமது புராண உலகத்தின் முதற்கதைகளை எழுதத் தொடங்கியவர். பங்கர் என்ற சொல்லை மழலையிலேயே கற்றுக்கொண்ட தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. அவர்களுக்கு டோல்கீனின் வாதத்தை விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

முன்னோர் எழுதியது

ஈழத்துத் தமிழ் நாவலின் ஆதியைத் தேடிப் போகிறவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. கண்டியில் வழக்கறிஞராயிருந்து ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை நடத்திய சித்திலெப்பை அவர்கள் 1885இல் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’ இந்த நாட்டின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. அதில் கண்டியும் இல்லை, கொழும்பும் இல்லை; மிசிரு தேசத்தில் உயர்குடியிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலே கடத்திச் செல்லப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, சாகசங்கள் பல புரியும் ஒருவனின் சரித்திரம் அது. அடுத்ததாக 1891இல் திருகோணமலையைச் சேர்ந்த இன்னாசித்தம்பி எழுதிய ‘ஊசோன் பாலந்தை கதை’, ஐரோப்பாவில் இடைக்காலம் தொட்டு வழங்கிவந்த ஓர் அற்புதக் கதையின் தமிழ் வடிவம். கானகத்திற் பிறந்த இரட்டையருள் ஒருவன் அரண்மனையிலும் மற்றவன் கரடியின் பாலுண்டு காட்டிலும் வளர்வதைக் கூறுவது. மூன்றாவதாக, அதே திருகோணமலையில் தோன்றிச் சென்னையில் உத்தியோகம் பார்த்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’, நாயக்கர் காலத்து மதுரை தஞ்சை அரசுகளைக் களமாகக்கொண்ட காதற்கதை. தமிழின் முதல் சரித்திர நாவல் என்ற பெருமைக்குரியது.

ஆக, நமது நாவல் பிறந்தபோது சாகசமாகவும் அற்புதமாகவும் காதலாகவுமே பிறந்தது. யதார்த்தம் பின்னர் வந்து சேர்ந்தது, வந்தது நன்மைக்கே. ஆயினும் முன்வந்தவற்றை வீட்டுக்கு வெளியே நிறுத்துவதற்கு அது ஒரு நியாயமாகிவிடாது. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகிய மறைமலையடிகளே, ஆங்கிலத்தில் மலிவுப் பதிப்புக்களாகப் பெருவாரியாக விற்பனையான ரெயினால்ட்ஸ் என்பாரின் காதல் நவீனமொன்றைத் தழுவிக் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’யை எழுதினார் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். அத்தகைய கதைகளில் ஒரு தீங்கும் இல்லை, மொழிக்கு ஆக்கமே உண்டு என்று அப்பெரியார் கருதியிராவிட்டால் அவ்வுழைப்பை மேற்கொண்டிருக்க மாட்டார்.

முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இந்த மரபு பத்திரிகைகளின் வழியாக வளர்ந்தது. 1930இல் கொழும்பில் தொடங்கப்பெற்று, வ. ரா. அவர்களும் சிலகாலம் ஆசிரியராயிருந்த ‘வீரகேசரி’யில் எச். நெல்லையாவின் காதல் நவீனங்கள் தொடர்ந்து வெளிவந்தன. தோட்டப்பகுதிக் கங்காணியார் வீட்டிலும் கொட்டாஞ்சேனை முடுக்குகளிலும் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கூடியிருந்து கேட்ட காலம் அது.

இவை யாவற்றையும்விட ஈழத்து வாசகரின் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது, 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’. அதற்குத் தமிழகத்து வாசகர் அறியாத ஒரு காரணமும் உண்டு. அக்கதையின் நாயகனாகிய அருள்மொழிவர்மன் முதன்முதலாக நமக்குக் காட்சியளிப்பது காவிரிக்கரையிலன்று, இலங்கையில். தம்பள்ளையின் வீதிகளும் அநுராதபுரத்தின் இடிந்த விகாரங்களும் பெருவிழாவும் அதில் வருகின்றன. அவ்விகாரங்களைப் புதுப்பிக்கும் இளவரசனுக்குப் பிக்குகளின் மகாசபை இலங்கையின் சிங்காதனத்தையே அளிக்க முன்வர, அவன் அதனை மறுத்துவிடும் அத்தியாயத்தை, 1956க்கும் 1983க்கும் பின் வாழ்ந்த ஈழத்தமிழன் ஒருவன் வாசிக்கும்போது எழும் உணர்ச்சி வேறெங்கும் எழ வழியில்லை. தமிழரும் பௌத்தமும் பகையாகாத, வேறுவகையாகவும் நிகழ்ந்திருக்கக்கூடிய ஒரு சரித்திரத்தை அந்த ஏடுகள் அவன் கையில் வைத்தன.

பூங்குழலியை எண்ணிப் பாருங்கள். கோடிக்கரையிலிருந்து நள்ளிரவில் தன்னந்தனியாகப் படகு வலித்து வந்தியத்தேவனை ஈழத்துக்குக் கொண்டுசேர்க்கும் அந்தப் பெண், தமிழகத்து வாசகனுக்கு ஓர் அழகிய கற்பனை. மன்னாரிலிருந்து தனுஷ்கோடி மணற்றிட்டுகளை நோக்கி, கைக்குழந்தையின் வாயைப் பொத்தியபடி, விளக்கில்லாத படகில் அதே கடலை எதிர்த்திசையில் கடந்த நமது ஜனங்களுக்கு அவள் யார்? எண்பதுகளில் அவ்வாறு சென்று, மண்டபம் முகாமில் தங்கி, பின்னர் திரும்பிவந்த ஒரு மூதாட்டி, தமக்கு அந்நாவலில் எல்லாரையும்விடப் பூங்குழலியையே பிடிக்கும் என்றும், “அவள் கடலுக்குப் பயப்பிடேல்லை தம்பி” என்றும் என்னிடம் கூறினார். விமர்சகர் எவரும் அந்தப் பாத்திரத்தைப் பற்றி இதனிலும் சிறந்ததொன்றைக் கூறி நான் கேட்டதில்லை.

குற்றஞ்சாட்டியோர்

எதிர்த்தரப்பினரின் நியாயத்தையும் எடுத்துரைப்பது கடமை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஈழத்தில் முற்போக்கு எழுத்தாளர் இயக்கம் ஓங்கியபோது, பேராசிரியர் க. கைலாசபதி முதலியோர் இம்மண்ணின் மக்களையும் அவர்களுடைய மொழியையும் போராட்டங்களையும் இலக்கியத்துள் கொண்டுவர வேண்டுமென வற்புறுத்தினர். 1959 முதல் 1961 வரை ‘தினகரன்’ ஆசிரியராயிருந்து அவர் இளைஞர் பலருக்கு வழிகாட்டினார். 1968இல் வெளிவந்த அவருடைய ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நாவலைச் சமுதாயத்தோடு பிணைத்து நோக்கக் கற்பித்தது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்து குவிந்த ஜனரஞ்சக வாரச் சஞ்சிகைகள் ஈழத்து எழுத்தாளனை மூச்சுவிடவொட்டாமல் அமுக்கின என்ற அவர்களுடைய முறைப்பாடு முழுதும் உண்மை. எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் அச்சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, வீரகேசரி நிறுவனம் மலிவுவிலையில் ஈழத்து நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிடத் துணிந்தது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ம் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் 1973இல் அவ்வாறே வாசகர் கையை அடைந்தன.

இவ்விரண்டு நாவல்களும் ஏன் அத்தனை பிரியமாக வாசிக்கப்பட்டன என்று ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். நெடுந்தீவின் மீனவர் வாழ்வும் தண்ணிமுறிப்பின் காட்டு வாழ்வும் அவற்றில் உண்மையாகச் சித்திரிக்கப்பட்டன, சந்தேகமில்லை. ஆனால் கொழும்பில் கோப்புகளுக்கிடையே எழுதுவினைஞராயிருந்த வாசகருக்கு, பதஞ்சலி என்ற அந்த வன்னிப் பெண்ணும் அவளுடைய காடும் குளமும் தாம் ஒருநாளும் சென்றறியாத ஓர் அற்புத தேசமாகவே தோன்றின. மண்வாசனை என்று விமர்சகர் பாராட்டியதையே வாசகர் மாயலோகமாக அனுபவித்தனர். யதார்த்தத்துக்கும் கற்பனைக்கும் இடையே எழுப்பப்பட்ட மதில், வாசிப்பவரின் மனத்தில் ஒருபோதும் அத்தனை உயரமாக இருந்ததில்லை.

முற்போக்காளரோடு நான் மாறுபடுவது ஓரிடத்தில். எழுத்தாளருக்குப் பொறுப்பைப் போதித்த அவர்கள், வாசகருக்கு இன்பத்தை மறுத்தனர். அதன் விளைவு இன்றுவரை தொடர்கிறது. யுத்தம் வந்தபின், சாட்சியம் கூறுவதே ஈழத்து எழுத்தின் ஒரே தர்மம் என்ற எண்ணம் மேலும் இறுகியது. அந்தச் சாட்சியம் அவசியமானது, புனிதமானது என்றே நானும் கருதுகிறேன். எனினும் அந்த யுத்தத்தினூடே வாழ்ந்த மனிதர் இரவில் தலையணையருகே வைத்துக்கொண்டது வேறு நூல் என்பதை அறிந்தபின், அந்த வேறு நூலை எழுதுவதும் எழுத்தாளரின் தொழில் என்று ஏன் நாம் எண்ணவில்லை?

பெண்களின் பொழுது

காதல் நாவல்களைப் பற்றித் தனியே பேச வேண்டும். ஏனெனில் இகழ்ச்சி முழுவதும் வந்து விழுந்தது அவற்றின் மேலேயே, அவற்றை வாசித்தவர் பெரும்பாலும் பெண்கள் என்பதாலேயே. ரமணிசந்திரனின் நாவல்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் தெஹிவளை ஒழுங்கைகளிலும் அவற்றை வாசிக்கும் பெண்களை நான் நெடுங்காலமாக அவதானித்து வருகிறேன். விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கும் கணவரைக் கந்தோருக்கும் அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, மீன்காரரின் சத்தம் ஓய்ந்தபின் கிடைக்கும் அந்த ஒரு மணிநேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் திறப்பது நூலை மட்டுமன்று. தமக்கே உரிய பொழுதை. ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க அறிஞர், அந்நாட்டின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள நகரொன்றின் காதல் நாவல் வாசகிகளோடு உரையாடி 1984இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் இதையே கண்டு கூறினார். வீட்டிலுள்ள அனைவரையும் பேணும் பெண்ணைப் பேணுவோர் எவருமில்லாத நிலையில், வாசிக்கும் செயலே அவள் தனக்குத் தானே செய்துகொள்ளும் உபசாரம் என்பது அவர் கண்ட முடிவு. அந்த நகருக்கும் வெள்ளவத்தைக்கும் இவ்விஷயத்தில் தூரமில்லை.

அதனோடு நமக்கேயுரிய ஒரு காரணமும் சேர்ந்தது. ஊரிலிருந்த இளைஞர் நாட்டைவிட்டு வெளியேறியும் காணாமற்போயும் களத்தில் மாண்டும் அருகிப்போன ஒரு சமுதாயத்தில், புகைப்படத்தில் மட்டும் கண்ட ஒருவரை மணப்பதற்காகச் சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ அழைத்துச் செல்லப்பட்ட பெண்களுக்கு, கதாநாயகன் கண்முன்னே நின்று, கோபித்து, சந்தேகித்து, பின் வருந்தி, வாய்திறந்து அன்பைச் சொல்லும் அக்கதைகள் எத்தனை பெரிய ஆறுதல்! அந்நாயகர்களுள் பலர் முற்பாதியில் காட்டும் கடுமையையும், அதனைப் பெண் பொறுத்துக்கொள்வதே நற்குணமென அக்கதைகள் கருதுவதையும் நான் ஏற்கவில்லை. அது அவற்றின் குறை, பெருங்குறையே. ஆனால் அக்குறையை அந்த வாசகிகளும் நன்கு அறிவார்கள். நூலை மூடிவைத்தபின் அவர்கள் தமக்குள் நடத்தும் விவாதங்களைச் செவிமடுத்தவருக்கு அது தெரியும்.

பார்ன்ஸ் பிளேஸ் வீட்டுக்காரர்

விஞ்ஞானக் கதை நமது சிறுவர்களை அடைந்தது சித்திரக்கதை வடிவில். எழுபதுகளில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் ‘இரும்புக்கை மாயாவி’, மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த ஆங்கிலேய சாகசக்காரன், கொழும்பிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் சிறுவர் கூட்டத்தின் தனிப்பெருஞ் செல்வமாயிருந்தான். அவனை வாசித்து வளர்ந்தோர் எண்பதுகளில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை வந்தடைந்தனர். ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில், பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டியிருக்கும் எதிர்கால இந்தியாவில், ஜீனோ என்னும் இயந்திர நாய் மனிதரைவிட மேலான நண்பனாக விளங்கும் கதை அது. பதிவுத்துண்டும் அடையாள அட்டையும் இல்லாமல் வீதியில் இறங்க முடியாதிருந்த நமது இளைஞர் அதனை எதிர்காலக் கதையாக வாசித்தனரா, நிகழ்காலக் கதையாக வாசித்தனரா என்பது கேட்கத்தக்க வினா.

அந்நாட்களிலெல்லாம் உலகத்தின் மிகப் பெரிய விஞ்ஞானப் புனைகதையாளருள் ஒருவர் நம்மிடமிருந்து சில மைல் தொலைவில், கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸிலே வசித்துக்கொண்டிருந்தார். ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இந்நாட்டுக்கு வந்து, நமது கடலின் அடியையும் வானத்தின் தெளிவையும் கண்டு மயங்கி, 2008இல் மறையும்வரை இங்கேயே தங்கியவர். 1945இல், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலைத்து நிற்கும் செய்மதிகள் மூன்றின் வாயிலாக உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று எழுதியவர் அவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1975இல், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் அவருடைய வீட்டிலேயே அலைவாங்கி ஒன்றை நிறுவ, தாம் கனவு கண்ட செய்மதியின் ஒளிபரப்பைத் தமது இல்லத்தில் அமர்ந்து பார்க்கும் பாக்கியம் அவருக்கு வாய்த்தது. வேறு எந்தப் பகற்கனவு இத்தனை சுத்தமாக நனவாகியிருக்கிறது?

1979இல் வெளிவந்து ஹியூகோ, நெபுலா ஆகிய இரு பரிசில்களையும் பெற்ற ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ என்ற அவருடைய நாவல் நம் தீவைப் பற்றியது. பூமியிலிருந்து விண்ணுக்கு ஒரு கோபுரம், அதனூடே ஏறிச்செல்லும் ஒரு மின்தூக்கி. அதனை நிறுத்துவதற்கேற்ற மலை சிவனொளிபாதம். ஆனால் அத்தகைய கோபுரம் பூமத்திய ரேகையின் மேலேதான் நிற்க முடியும் என்பதால், கிளார்க் தமது கதைக்காக இந்தத் தீவையே தெற்கே நகர்த்தி ரேகையின்மேல் வைத்தார். தப்ரபேன் என்று பழம்பெயரும் சூட்டினார். சீகிரியாவும் அதன் அரசனும் வேறு பெயர்களில் அதில் உலவுகின்றனர். இந்தத் தீவை எவருக்குச் சொந்தமென்று நாம் தர்க்கித்துக்கொண்டிருந்த வேளையில், வெளியூரார் ஒருவர் அதனைக் கையிலெடுத்து விண்ணோடு பிணைத்துப் பார்த்தார். 2008 பெப்ரவரி 27இல் சென்னையில் சுஜாதாவும், மார்ச் 19இல் கொழும்பில் கிளார்க்கும் காலமாயினர். மூன்று வாரங்களுக்குள் பாக்குநீரிணையின் இரு கரைகளும் தத்தம் விண்வெளிக் கதைஞரை இழந்தன. கிளார்க்கின் உடல் பொரளை கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

இன்று அவ்விடம் வெற்றிடமாக இல்லை. 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் கொலையுண்ட ஒரு புகைப்படக்காரனின் ஆவியே கதைநாயகனாக வரும் ஷெஹான் கருணாதிலகவின் நாவல் 2022இல் புக்கர் பரிசு பெற்றது. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர எழுதிய ‘த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’ 2023இல் வெளியாகி, மறுவருடம் சிறந்த நாவலுக்கான நெபுலா விருதை வென்றது. ஒருபக்கத்தால் திறக்கவே முடியாத அதிசயக் கதவுகள் நிறைந்த கற்பனை நகரமொன்றில் நிகழும் அக்கதையில், இனப்படுகொலைகளும் தடுப்பு முகாம்களும் மனிதரை வகைபிரித்து வதைக்கும் ஏடுகளும் இடம்பெறுகின்றன. கற்பனை நாட்டுக்குச் சென்ற எழுத்தாளர் நம்மை விட்டோடவில்லை. நாம் நேர்நின்று பார்க்க அஞ்சியதை அங்கிருந்து காட்டியிருக்கிறார். இவ்விருவரும் எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் அத்தகைய நாவலொன்று ஈழத்திலிருந்து வந்திருக்கிறதா என்று கேட்டால், கனடாவில் வாழும் வ. ந. கிரிதரன் போன்ற சிலரின் அறிவியற் சிறுகதைகளைச் சுட்டலாம். பெருநாவலொன்றைச் சுட்ட என் கை எழவில்லை.

எழுதுவதற்குப் பொருள் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. குவேனியும் நாகர்களும், மணிபல்லவமும், புட்பக விமானமும், கடல்கோளும் கொண்ட இந்தத் தீவைவிடக் கற்பனைக்கு உகந்த மண் எங்கே இருக்கிறது? வாசகரும் இருக்கின்றனர். 2022 மார்ச் 31இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டு, கடதாசித் தட்டுப்பாட்டால் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட அந்த வசந்தத்தில், எங்கள் ஒழுங்கையின் பிள்ளைகள் மெழுகுதிரியையும் கைப்பேசி வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு கதைகள் வாசித்தனர். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் மின்னூலகத்தில் வீரகேசரி வெளியீட்டு நாவல்களைத் தேடிக் கண்டுபிடித்துத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டியவர்களும் அவர்களுள் உண்டு. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும், தெஹிவளை – கல்கிசை மாநகர சபையின் நூலகமும் அத்தகைய பிள்ளைகள் நடந்து செல்லும் தூரத்திலேயே இருக்கின்றன. எழுபதுகளில் ஒரு பத்திரிகை நிறுவனம் துணிந்து செய்ததை, மலிவான விலையில் மாதத்துக்கொன்றாகப் புதிய ஈழத்து நாவல்களை அச்சிட்டுக் கடைக்குக் கடை சேர்த்ததை, இம்முறை விஞ்ஞானக் கதைக்கும் மாயக்கதைக்கும் காதற்கதைக்குமென ஒரு பிரசுரகர்த்தர் மேற்கொள்வாரேயானால், முதல் நூலை வாங்குவதற்குக் காலி வீதிக் கடைவாயிலில் நிற்பவர்களுள் நானும் ஒருவனாயிருப்பேன்.